தார்ப்பாய்த் தையலில் பூத்த பூக்கள்

நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் தையல் மிஷின். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், எது வந்தாலும் தைப்பேன். என் தையலை யாரும் குறை சொன்னதில்லை.

மதுரையில் கட்டிக்கொடுத்த மகள் கைக்குழந்தையோடு கிறிஸ்துமஸுக்கு வருவதாக ஐப்பசியிலேயே சொல்லிவிட்டாள். வெட்டித் தள்ளிய துணிகளில் யோ-யோ பூக்கள் செய்து, பழைய கம்பளியின் மேல் தைத்து ஒரு போர்வை தரலாம் என்று உட்கார்ந்தேன்.

யோ-யோ பெரிய வித்தை இல்லை. துணியை வட்டமாக வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, சுற்றிலும் கையால் ஓட்டுத்தையல் போட்டு நூலை இழுத்தால், சுருக்குப்பை மாதிரி வாய் சுருங்கும். நான் பொடிப்பொடியாக, அழகாகத்தான் தைத்தேன். ஆனாலும் ஒவ்வொன்றின் நடுவிலும் விரல் நுழைகிற ஓட்டை. இன்னும் இழுத்தால் நூல் அறுந்தது.

வீட்டுக்காரர் பண்ணைக்காட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர். மழையில் மரம் சாய்ந்து பாதை அடைபட்டுக் கிடந்தது.

"சோலி இல்லாம உக்காந்துருக்கேன். அந்த ஊசியக் குடு."

"உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"ஜீப்புத் தார்ப்பாய் தச்ச கை இது. குடும்மா."

தார்ப்பாய்க்குப் போடுவது போலவே நீள நீளமாகப் போட்டு ஒரு சுற்று முடித்தார். எனக்குச் சிரிப்பு. நூலை இழுத்தார். வாய் கச்சிதமாக மூடிக்கொண்டது.

வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். தையல் பொடியாக இருந்தால் மடிப்புகள் கூடி நடுவில் நெரிசல். நீளமாக இருந்தால் மடிப்பு குறைந்து நெருங்கி உட்காருகிறது. அவ்வளவுதான் சங்கதி. அதன்பிறகு எனக்குத் தயக்கமே இல்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் வரைந்தேன். துணிகளை அடுக்கிவைத்து ஒரே வெட்டாக வெட்டினேன். இரட்டை நூல் கோத்தேன். இஸ்திரி வேண்டியதில்லை, தைக்கத் தைக்க விரலாலேயே மடித்துக்கொண்டேன். பூவும் பூவும் தொடுகிற இடத்தில் இரண்டு தையல், கம்பளியோடு ஒரு தையல். போர்வை வெரசாக வளர்ந்தது. அவரும் விடாமல் தைத்தார்.

மகள் வந்ததும், அப்பாவும் தைத்த கதையைக் கேட்டுவிட்டுப் போர்வையைத் தடவிப் பார்த்தாள். "அப்பா தச்சது எதும்மா?"

"நீயே சொல்லு."

கொஞ்சம் கோணலாகத் தெரிந்த மூன்றைத் தொட்டாள். மூன்றும் நான் தைத்தவை. அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

இப்போது ஜீப்பில் ஆள் சேரும்வரை அவர் கையில் ஊசிதான், தன் சீட்டுக்குப் பூ விரிப்பு தைக்கிறார். மற்ற டிரைவர்கள் கேலி செய்தார்களாம்.

"உன் சீட்டுக்கும் ஒண்ணு தச்சுத் தரவா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.