நிமிடத்துக்கு எத்தனை சுற்று?

மாதிரி விமானத்தின் விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அளந்து சொல்வது என் வேலை. இதற்கெல்லாம் தனியாக ஒரு ஆளா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், ஆள் வைத்தும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

பினாங்கில் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் அக்கா வீட்டுக்காரர் கடை வைத்திருக்கிறார். சின்ன எஞ்சின், விசிறி, பசை, மெல்லிய பலகை, இவைதான் சரக்கு. அத்தான் விற்பார், நான் அளப்பேன். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கும் கியூசியாக இருந்தேன். அங்கே ஆள் குறைத்தபோது அத்தான் கூப்பிட்டு, சோப்புக் கட்டி அளவில் ஒரு மீட்டரைக் கையில் கொடுத்தார். பெயர் டாக்கோ. சுற்றும் விசிறிக்கு நேரே நீட்டினால், அதன் பிளேடுகள் வெளிச்சத்தை எத்தனை முறை மறைக்கின்றன என்று எண்ணி, பிளேடுகளின் எண்ணிக்கையால் வகுத்து, சுற்றைக் காட்டிவிடும். விசிறியைத் தொடவே வேண்டாம். எண்ணைச் சொன்ன பிறகு வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் பாக்கி.

ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ், தையல் கடையில் இடுப்பளவு எடுப்பவர், தேர்வுத்தாள் திருத்தும் வாத்தியார், எல்லாரும் என் இனம். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால் உங்களிடம் மனம்விட்டுப் பேசலாம்.

ஓடாத எஞ்சினின் வேகம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கடையின் பின்பக்கம் கூரை போட்ட இடத்தில், புது எஞ்சினை மரச் சட்டத்தில் முடுக்கி, ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்போம். அன்றைக்கு வந்தவர் குணா. சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருப்பவர், லாரி கம்பெனியில் வேலை, தாமே பலகை வெட்டி முதல் விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் அவருக்குத்தான்.

நான் முறைப்படி விசிறிக்குப் பின்னால் நின்று மீட்டரை நீட்டினேன். மூவாயிரம் காட்டியது. ஒரு சுற்று கூடவில்லை, குறையவில்லை. இவ்வளவு ஒழுக்கமான எஞ்சினை நான் பார்த்ததில்லை என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு, அட்டையில் 3000 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தொழிற்சாலைப் பழக்கம் அது. திரையில் வந்தால் எழுதிவிட வேண்டும்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. தலைக்கு மேலே பழைய டியூப்லைட். அது நொடிக்கு நூறு தடவை மின்னி அணைகிறது, அதாவது நிமிடத்துக்கு ஆறாயிரம், இரண்டு பிளேடுக்கு வகுத்தால் மூவாயிரம். நம் கண்ணுக்குத் தெரியாது, டாக்கோவுக்குத் தெரியும். நான் அளந்தது கடை விளக்கை. குணா அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மிஸ், நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல லா."

ஒரு ரூமுக்கு இரண்டு பேர்

சில மாதம் கழித்து குணா மனைவியோடு வந்தார். மனைவி பெயர் மல்லிகா. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அதனால் எனக்கு உடனே பிடித்துவிட்டது. குணா விசிறி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மல்லிகா என்னிடம் வழக்கை வைத்தார்.

வீட்டில் இரண்டே ரூம். ஒன்றில் இவர்கள். இன்னொன்றில் ஒன்றரை வருடமாக விமானம். கட்டிலின் மேல் இறக்கை, நாற்காலியில் வால், கதவுக்குப் பின்னால் பசை டின். இந்த வருடம் எஸ்பிஎம் பரீட்சை எழுதப்போகும் மகள், டிவிக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் சாப்பாட்டு மேசையில் படிக்கிறாள். வீட்டில் சண்டை வேண்டாம் என்று இதுவரை பொறுத்தாயிற்றாம், இனிமேல் முடியாதாம். குணா அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேண்டாத விசிறிகளை எல்லாம் ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் நான் யார் பக்கம் பேசுவது? விமானம் கட்டுகிறவர் எங்கள் வாடிக்கையாளர். நியாயமோ மகள் பக்கம். அதனால் நாகரிகமாக, எப்போது பறக்கவிடப் போகிறார் என்று மட்டும் கேட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்றார் மல்லிகா. அதையும் அவர்தான் முடிவு செய்திருந்தார்: "ஒரு தடவ பறக்கட்டும்க்கா, ரூம் அவருக்கே. பறக்கலன்னா திங்கக்கெழம காலையில மேச உள்ள போவுது."

பல் டாக்டரின் அறுநூறு சுற்று

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து காவான் என்ற ஊரில் பறக்கவிடுவார்கள். பழைய தோட்ட நிலம், இன்னும் தொழிற்சாலை முளைக்காத ஒரு துண்டு. நான் சர்ச்சில் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டு, ஞாயிறு காலை அத்தானின் காரில் கடல் மேல் இருக்கும் இரண்டாவது பாலத்தைத் தாண்டிப் போய், மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். வரிசையாக வருவார்கள். கிளினிக்கில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும், யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள் என்பதைத் தவிர.

அன்றைக்கு முதல் ஆள் பல் டாக்டர். நிஜமாகவே பல் டாக்டர், நல்ல கைராசிக்காரர் என்று சொல்வார்கள். பழைய போர் விமானத்தின் மாதிரி ஒன்றுக்கு மூன்று பிளேடு விசிறி மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மீட்டரின் பிளேடு சுவிட்சை மூன்றுக்குத் தள்ளி அளந்தேன். ஒன்பதாயிரத்து நானூறு. பத்தாயிரம் வரும் என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்துவிட்டாராம். வெயில் பக்கம் திருப்பி அளக்கச் சொன்னார், கிட்டே போய் அளக்கச் சொன்னார், கொஞ்சம் இருந்து எஞ்சின் சூடானதும் அளக்கச் சொன்னார். நான் பிடித்த பிடியில் நின்றேன். ஐந்து தடவையும் அதே எண்தான். கடைசியில் மனம் நொந்து சொன்னார்: "வலிக்கலன்னு பேஷண்ட் சொன்னா நான் நம்புறேன்ல மிஸ்? நீங்க ஒரு அறநூறு நம்பக்கூடாதா?"

சத்தத்துக்கு நம்பர் கிடையாது

அடுத்தது குணா. மஞ்சள் நிற விமானம். ஒன்றரை வருட உழைப்பு ஒவ்வொரு மூலையிலும் தெரிந்தது. விசிறியை விரலால் ஒரு தடவை சுண்டியதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இந்த எஞ்சினில் நீடில் என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறது. எரிபொருளைக் கூட்டுவதும் குறைப்பதும் அதுதான். மூட மூட வேகம் ஏறும். அளவுக்கு மேல் மூடினால் எஞ்சின் வறண்டு, சூடேறி, நின்றுவிடும். இந்த எஞ்சினுக்குப் பன்னிரண்டாயிரம் வர வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அளந்தேன். ஏழாயிரத்து எண்ணூறு. "போதாது தம்பி, மூடுங்க" என்றேன். மூடினார். எட்டாயிரத்து இருநூறு. இன்னும் மூடச் சொன்னேன். அதற்கு மேல் ஏறவில்லை.

குணா தலையைச் சாய்த்துக் கேட்டார். "சத்தம் நல்லாத்தானே இருக்கு மிஸ்? கொஞ்சம் தெறந்து விட்டுடவா?" நான் திரையை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். "சத்தத்துக்கு நம்பர் கிடையாது தம்பி. இதுக்கு இருக்கு. இன்னும் கால் சுத்து மூடுங்க" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த மிடுக்கை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மூடிவிட்டு ரிமோட்டைக் கையில் எடுத்தார். விமானம் ஓடி எழும்பியது. அழகாகத்தான் எழும்பியது. பழக்கதோஷத்தில் சக்கரம் தரையை விட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். மூக்கைத் தூக்கி மேலே ஏறும்போது எஞ்சினின் சத்தம் மெலிந்தது, அப்புறம் இல்லவே இல்லை. வாட்சை நிறுத்தினேன். விமானம் ஒரு பக்கம் சரிந்து வாய்க்கால் ஓரத்தில் விழுந்தது. நாங்கள் எல்லாரும் ஓடினோம். குணா மட்டும் நடந்தே வந்தார். இறக்கை மூன்று துண்டு. அவற்றைப் பொறுக்கி, பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கிக்கொண்டே சொன்னார்: "எஞ்சின் மேல தப்பு இல்ல மிஸ், என் கைதான் அவசரப்பட்டு மூக்கத் தூக்கிடுச்சு."

பினாங்கின் மின்சாரம்

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் நான் செய்யும் முதல் வேலை, டாக்கோவை டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பது. அசடு வழிந்த அந்த முதல் வாரத்திலிருந்து வந்த வழக்கம். மூவாயிரம் காட்டினால் மீட்டர் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு இரண்டாயிரம் காட்டியது. பினாங்கின் மின்சாரமே மெதுவாகிவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். என் தப்பாக இருக்கும் என்று தோன்றுவதற்கு முன்னால் எனக்கு அதுதான் தோன்றியது. பிறகு சுவிட்சைப் பார்த்தேன். மூன்றிலேயே இருந்தது. பல் டாக்டருக்காகத் தள்ளியது. குணாவின் விசிறிக்கு இரண்டே பிளேடு. மூன்றால் வகுத்ததால் எட்டாயிரத்து இருநூறு, அதே எண்ணிக்கையை இரண்டால் வகுத்திருந்தால் பன்னிரண்டாயிரத்து முந்நூறு. நல்ல, ஆரோக்கியமான, சத்தம் சரியாக இருந்த எஞ்சின். அதை நான்தான் மூட மூடச் சொல்லி மூச்சுத் திணறடித்திருக்கிறேன். இதை நாலு வயதுக் குழந்தை கூடச் செய்யாது, ஏனென்றால் அதற்கு வகுக்கத் தெரியாது.

மேசை இந்நேரம் ரூமுக்குள் போயிருக்கும். குணா தன் கையைத் தானே திட்டிக்கொண்டிருப்பார். அத்தானிடம் சொன்னேன். அவர் மேலும் கீழும் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். அத்தான் கெட்டவர் இல்லை, கடைக்காரர். அவர் சொன்னது: "ஸ்டெல்லா, அவனே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டான். நீ எதுக்கு நடுவுல போயி நிக்கிற? ஒரு தடவ தப்பான நம்பர் சொன்னோம்னு தெரிஞ்சா, இனி யாரு நம்ப நம்பர கேப்பா?"

பதினொன்று

ஒரு நாள் முழுக்க அத்தான் சொன்னபடி இருந்து பார்த்தேன். முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு சுங்கை பினாங் போனேன். துக்க வீட்டுக்கும் வெறுங்கையோடு போக முடியாதல்லவா. ஏழாவது மாடி. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்து வைத்த மஞ்சள் துண்டுகள். உள்ளே ரூம் கதவு திறந்திருந்தது. மேசை போட்டாயிற்று. மகள் எழுதிக்கொண்டிருந்தாள்.

உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். சுவிட்ச், மூன்று, இரண்டு, பன்னிரண்டாயிரத்து முந்நூறு, எல்லாம். "எஞ்சின் சரி. உங்க கையும் சரி. பதினொரு செகண்ட் நல்லாத்தான் மேல போச்சு. என் பேச்சைக் கேட்டதுனாலதான் நின்னுச்சு. தப்பு முழுக்க என்னோடது தம்பி" என்றேன். பதினெட்டு வருட கியூசி வாழ்க்கையில் ஒரு தடவைகூட நான் இப்படிச் சொன்னதில்லை. குணாவுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு, "மூணு நாளா இதத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன் மிஸ்" என்றார்.

மல்லிகா என்னை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டார். "பறக்கலன்னுதானே சொன்னீங்க?" குணா, "விழுந்துடுச்சே, அத எப்படிப் பறந்துச்சுன்னு சொல்றது?" என்றார். மல்லிகா என் பக்கம் திரும்பி, எத்தனை செகண்ட் என்று கேட்டார். பதினொன்று என்றேன். எதில் பார்த்தீர்கள் என்றார். பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்துக் காட்டினேன். அதில் அந்த எண்ணை நான் இன்னும் அழித்திருக்கவில்லை. வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மகளும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். மல்லிகா வாட்சை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகளின் மேசையை ஜன்னல் பக்கம் ஓரமாக இழுத்துப் போட்டார். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு தடவ பறக்கணும்னுதான் சொன்னேன், எவ்வளவு நேரம்னு நான் சொல்லல லா. மழ வருது, ரெக்கய உள்ள எடுத்துட்டு வாங்க."

எண்ணைச் சொல்வதோடு என் வேலை முடிந்துவிடுகிறது, அது போதுமா போதாதா என்று தீர்ப்பு எழுதுவது ஏதோ ஒரு மாடியில் இருக்கும் வீட்டம்மா என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குக் குணாவின் இறக்கை ஒன்று செலவாயிற்று.