ஒரு காதும் இரண்டு கதவுகளும்

மூன்று தெரு தள்ளி நிற்கும் காரின் இரைச்சலைக் கேட்டே எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று என் மருமகள் சொல்லிவிடுவாள். சரி, மூன்று தெரு இல்லை, ஒரு தெரு. நான் சொல்வதில் பாதியைக் கழித்துக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் அவளுக்கு வலது காது மட்டும்தான் கேட்கும் என்பதில் கலப்படமே இல்லை. இடது காது பிறந்ததிலிருந்தே வேலைக்கு வராத காது.

அவளும் என் மகனும் கார்களுக்கு ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பொருத்தும் பட்டறை வைத்திருக்கிறார்கள். கம்பி இழுப்பதும் முடுக்குவதும் அவள். கடைசியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஓசையைச் சரிபார்ப்பது மட்டும் அவன். "அது ரெண்டு காது வேலை" என்பான் சிரித்துக்கொண்டே. பதினோரு வருஷமாக அவள் அதற்குச் சிரித்ததில்லை.

அன்று அவன் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர், சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுக் காரோடு வந்து நின்றார். மாலைக்குள் வேண்டுமாம்.

"அவன் வரட்டும்னு சொல்லிடட்டுமா?" என்றேன்.

"வேணாம் அத்தை. இன்னைக்கு நானே உக்கார்றேன்" என்றவள், உள்ளங்கையை இரண்டு முறை சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். மின்கம்பியை ஒரு பக்கமாகவும் பாட்டுக் கம்பியை மறு பக்கமாகவும் கொண்டுபோனாள். பக்கத்தில் படுக்கவைத்தால் இரண்டும் சண்டை போடுமாம். ஆம்ப்ளிஃபையர் சீட்டுக்கு அடியில் அமர்ந்தது. மிச்சம் எர்த் கம்பி. அது வெறும் இரும்பைக் கவ்வ வேண்டும்.

"கொஞ்சம் பெயின்ட் சுரண்டணும் சார்."

"புது வண்டிம்மா. பெயின்ட்ல மட்டும் கை வைக்காதீங்க."

அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, கம்பியை சீட்டின் போல்ட்டிலேயே மாட்டிவிட்டாள். என்ஜின் ஓடியது. பாட்டு வந்தது, கூடவே ஒரு ரீங்காரமும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது.

"உங்களுக்குக் கேக்குதாம்மா?" என்றார் வாத்தியார். "எதுக்கும் உங்க வீட்டுக்காரர் வந்து பாக்கட்டுமே."

"நல்லாவே கேக்குது சார். உங்களுக்காக நான் செஞ்ச தப்புதான் கத்துது. கார்பெட்டுக்கு அடியில ஒரு பட்டன் அளவு இடம் குடுங்க. அப்பவும் கத்திச்சுன்னா எல்லாத்தையும் கழட்டிடறேன். இந்த சீட்டுப் பக்கமும் இனிமே வரமாட்டேன், கம்பி இழுக்கறதோட நிறுத்திக்கறேன்."

ஊசி போட்டுக்கொள்பவர் போல அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உப்புத்தாளால் தேய்த்தாள், இரும்பு பளபளத்தது. கம்பியை முடுக்கிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தாள். ரீங்காரம் பிறந்தே இராதது போல் போய்விட்டது.

அதன் பிறகு அவள் செய்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. வலக் கதவு ஸ்பீக்கரை மட்டும் பாடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு சீட்டில் மண்டியிட்டுப் பின்பக்கமாகத் திரும்பினாள். இப்போது அந்த ஒரே காது இடக் கதவுக்கு நேராக வந்துவிட்டது. அதை மட்டும் பாடவிட்டுக் கேட்டாள். பிளேயரில் இட வல அளவை ஒரு புள்ளி தள்ளினாள். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். இருபது முறையாவது இருக்கும்.

"உக்காருங்க அத்தை."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் கேட்டுவரும் பாட்டு அது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தப் பாடகி மூச்சு இழுக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முன்கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நட்டநடுவே, ஆளே இல்லாத இடத்தில் நின்று பாடினாள். எட்டினால் கையில் படுவாள் போலிருந்தது.

வாத்தியார் கதவைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார்.

அப்போதுதான் என் மகன் வீங்கிய கன்னமும் வாயில் பஞ்சுமாக வந்து சேர்ந்தான். உட்கார்ந்தான், கேட்டான். பழக்கத்தில் அவன் கை பிளேயரை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. தொடாமலே மடிக்குத் திரும்பியது. அன்றிலிருந்து அந்த சீட் அவளுடையது.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டியபோது, பக்கத்தில் கம்பி முனை சீவிக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்தாள்.

"தொடாமயா? ஒரு புள்ளி தள்ளிட்டுத்தான் இறங்கினாரு அத்தை. வாயில பஞ்சு மாத்தப் போனப்ப நான் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். திரும்பி வந்து கேட்டுட்டு, பஞ்சு வாயோட, 'இப்பத்தான் சரியா இருக்கு, இனிமே நீயே பாரு'ன்னாரு உங்க பிள்ளை."