தர்ஷினியின் சிரிப்பை நான் ஒட்டிய இடம்

1. புதன்கிழமை வந்த போன்

கல்யாண வீடியோ எடிட்டிங்கில் எனக்குப் பதினெட்டு வருட அனுபவம். பாட்டை மாற்றச் சொல்வார்கள், முகப்பருவை மறைக்கச் சொல்வார்கள், அத்தை முகம் வரவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் அந்தப் புதன்கிழமை மதியம், மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில், தர்ஷினி என்ற மணப்பெண் போன் செய்து, "அக்கா, நான் பேசுனதுல பாதியக் காணோமே?" என்று கேட்டதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

சனிக்கிழமை அவளுடைய கல்யாண விருந்து. ஐந்நூறு பேர் முன்னால் பெரிய திரையில் போட வேண்டிய ஏழு நிமிட 'லவ் ஸ்டோரி' வீடியோவை அன்று காலைதான் இருவருக்கும் அனுப்பியிருந்தேன். மாப்பிள்ளை பிரகாஷ் வரிசையாக நெருப்பு எமோஜிகளைப் போட்டுப் பதில் அனுப்பிவிட்டான்.

"ஏழு நிமிஷம்தாம்மா இருக்கு. எல்லாத்தயும் போட முடியாது லா," என்றேன்.

"தெரியும்க்கா. ஆனா அவரு 'நான் விடல'ன்னு சொன்னதும் நான் திரும்பிப் பாத்துச் சிரிக்கிற மாதிரி வருது. அந்தச் சிரிப்பு அதுக்கு இல்லக்கா."

கையில் எடுத்த சோற்றைப் பொட்டலத்திலேயே வைத்தேன். அவள் சொன்னது உண்மை.

2. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது

தர்ஷினியின் அப்பா அம்மா தாப்பா ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இப்போது அங்கே எல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. ஓரத்தில் மட்டும் நாலைந்து நிரை பால்மரம் மிச்சமிருக்கிறது. அங்கேதான் ஷூட்டிங். பிரகாஷ் மரங்களுக்கிடையே ஓட, தர்ஷினி முன்னால் ஓட, நான் ஸ்லோமோஷனில் எடுத்தேன். பிறகு ஒரு மரத்தடியில் நாற்காலி போட்டுப் பேட்டி.

பிரகாஷ் முதலில் பேசினான். "காம்பார் காலேஜ்ல படிக்கிறப்ப ரெண்டு வருஷம் இவ பின்னாலயே மோட்டர் சைக்கிள்ல போனேன்க்கா. பஸ் ஸ்டாப்ல நிப்பேன். இவ மூஞ்சத் திருப்பிக்குவா. நான் விடல லா!" என்று தொடையைத் தட்டினான். கேமராவுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் சட்டை மாற்றக் காருக்குப் போனபோது தர்ஷினியை உட்கார வைத்தேன். அவள் பேசியது இது:

"அவரு சொன்னது சரிதான். ஆனா எனக்கு அப்ப பயமா இருந்துச்சு. மோட்டர் சத்தம் கேட்டாலே பக்கத்துக் கடைக்குள்ள போய் நின்னுக்குவேன். சாயங்காலம் ஒரு கிளாஸ், அது முடிஞ்சா இவரு வெளிய நிப்பாரு. அதனால அந்த சப்ஜெக்டயே விட்டுட்டேன். ஒரு செமஸ்டர் லேட்டாத்தான் முடிச்சேன். எல்லாரும் நான் ஃபெயிலுன்னு நெனச்சாங்க. இவங்கம்மாகூட இன்னும் அத சொல்லிக் கேலி பண்ணுவாங்க. அப்புறம் நாலு வருஷம் இவரப் பாக்கவே இல்ல. ஜெலாப்பாங்ல ஃபேக்டரி வேலைக்குப் போனா, அங்க இருக்காரு. என்னப் பாத்ததும் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. ஆறு மாசம் கிட்டயே வரல. நல்ல மனுசன்னு அப்பதான் தெரிஞ்சுச்சு. கேண்டீன்ல நான்தான் மொதல்ல போய்ப் பேசுனேன்."

கேண்டீன் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நான் வெட்டினேன். 'பயம்' என்ற சொல் வந்தால் பாட்டின் டெம்போ விழுந்துவிடும் என்பதுதான் அன்று என் கவலை. சரி, சிரிப்பு? பேட்டி முடிந்து கிளம்பும்போது என் முதலாளி சிவா அண்ணேயின் கால்சட்டைக்குள் செவ்வெறும்பு புகுந்து, மனிதர் நிரைக்கு நடுவே குதியோ குதியென்று குதித்தார். அதைப் பார்த்துத்தான் தர்ஷினி திரும்பிச் சிரித்தாள். நான் அதை எடுத்து 'நான் விடல'வுக்குப் பின்னால் ஒட்டினேன். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் ரியாக்‌ஷன் ஷாட். ஒரு இடத்தில் எடுத்த முகத்தை இன்னொரு இடத்தில் வைப்பது. பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

3. என்னைப் பற்றி எனக்கிருந்த நினைப்பு

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சிவா அண்ணே, "பொம்பளப் புள்ள, ட்ரைபாட் எல்லாம் தூக்குவியா?" என்று கேட்டார். தூக்கிக் காட்டினேன். அடுத்த வாரமே தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். 'கேர்ள் பாஸ்' என்று எழுதிய டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் கல்யாண வீடுகளுக்குப் போவேன். யாராவது பெண்ணியம் அது இது என்று பேசினால், "நானே பெண்ணியவாதிதான்" என்று நெஞ்சை நிமிர்த்துவேன்.

அதைப் பற்றி நான் ஒரு புத்தகமும் படித்ததில்லை. எல்லாம் திரையில் பார்த்ததுதான். பள்ளிக்கூட வயதில் வாடகை விசிடியில் பார்த்த படங்களில் ஹீரோ பின்னாலேயே போவான். ஹீரோயின் திட்டுவாள், அறைவாள், இடைவேளைக்குப் பிறகு அவனையே காதலிப்பாள். அதைக் காதல் என்று நம்பினேன். பிற்பாடு ஹீரோயின்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள், வில்லனை உதைத்தார்கள். அதைப் பெண் விடுதலை என்று நம்பினேன். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறதே என்று எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. மணப்பெண் கறுப்புக் கண்ணாடி போட்டு, உறுமி மேளத்துக்கு ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் வந்தால், "பாத்தீங்களா எங்க பொண்ணுங்கள!" என்று உடம்பெல்லாம் சிலிர்க்கப் படம் பிடிப்பேன். அதே பெண்ணின் லவ் ஸ்டோரியில் மாப்பிள்ளை துரத்துவதை முதல் காட்சியாக வைப்பேன். விசில் பறக்கும்.

போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டி ஒவ்வொரு கல்யாணமாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் 'ஸ்மைல்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பெண்கள் சிரித்த இடங்களைத் தனியே வெட்டி வைத்திருக்கிறேன். எந்தச் சிரிப்பு எதற்கு என்று இப்போது எனக்கே தெரியவில்லை. எத்தனை பெண்கள் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்களோ! சீ என்று ஆகிவிட்டது.

சிவா அண்ணே எட்டிப் பார்த்தார். "இது என்ன, கோர்ட்டு கேஸா? கல்யாண வீடியோ லா. மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு, போதும்."

"பொண்ணுக்குப் பிடிக்கல அண்ணே."

"அலாமாக்! சனிக்கிழமைக்குள்ள என்னமோ செய். என்னய இழுக்காத," என்று நகர்ந்துவிட்டார்.

4. அடுத்த தப்பு

வியாழக்கிழமை தர்ஷினி வேலை இடைவேளையில் நேரில் வந்தாள். அதற்குள் நான் பரபரவென்று வேறு ஒரு வெர்ஷன் போட்டு வைத்திருந்தேன். முதலில் பிரகாஷ், 'நான் விடல.' திரை இருட்டாகிறது. பிறகு தர்ஷினியின் முகம், 'எனக்குப் பயமா இருந்துச்சு.' பின்னணியில் டிரம்ஸ். மண்டபமே வாயடைத்துப் போகும், பெண்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள் என்றெல்லாம் எனக்குள் படம் ஓடிக்கொண்டிருந்தது.

பார்த்து முடித்ததும் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, இத அவருகிட்ட நான் இன்னும் சொல்லவே இல்ல. அன்னைக்குக் கேமரா முன்னாடிதான் மொதல்ல வாயத் தொறந்தேன். விருந்துக்கு முன்னாடி நீங்க அனுப்புற வீடியோவுல அவரு தனியாப் பாத்தா புரியும்னு நெனச்சேன். நீங்க வெட்டிட்டீங்க. இப்ப ஐந்நூறு பேரு முன்னாடி அவர நிக்க வைக்கச் சொல்றீங்களா?"

"அப்பவாவது உறைக்கும்லம்மா!"

"எனக்கு மாஸ் சீன் வேணாம்க்கா. இந்தாளோட நான் குடும்பம் நடத்தணும். வாழ்க்க பூரா அந்தக் கதையவே பெருமையா சொல்லிட்டிருப்பாரு. நான் பக்கத்துல நின்னு சிரிக்கணும். என்னால முடியாது. அவருக்குத் தெரியணும், அவ்ளோதான். தெரிஞ்சும் வெளையாட்டா எடுத்துக்கிட்டா..."

இரண்டு நாளில் கல்யாணம். அந்தப் பெண் கல்யாணத்தையே பணயம் வைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நானோ டிரம்ஸ் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

5. வெள்ளிக்கிழமை, வெட்டாத ஃபுட்டேஜ்

தர்ஷினி கூட்டிவர, பிரகாஷ் ஸ்டூடியோவுக்குக் குஷியாக வந்தான். "என்னக்கா, சர்ப்ரைஸா?" தர்ஷினி பேசிய நான்கு நிமிடத்தைப் பாட்டில்லாமல், வெட்டில்லாமல் போட்டேன். நான் அறையை விட்டுப் போக எழுந்தேன். தர்ஷினி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அந்த சப்ஜெக்டு... என்னாலயா?"

"ஆமா."

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?" குரல் உயர்ந்தது.

"நீங்க எங்க கேட்டீங்க? கத சொல்லிட்டே இருந்தீங்க."

அவன் விருட்டென்று எழுந்து கீழே போய்விட்டான். தர்ஷினி அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் மூன்று தடவை ஜன்னலுக்குப் போய் வந்தேன். அவன் கீழ்க்கடை வாசலில் கார் சாவியோடு நின்றான். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஃபேக்டரில ஒன்னப் பாத்தப்பவே எனக்குத் தப்புன்னு தெரியும். அதான் தலையக் குனிஞ்சேன். கூட்டாளிங்க முன்னாடி பேசிப் பேசி, அது பெரிய கெத்துன்னு நானே நம்பிட்டேன்," என்றான். பிறகு என்னிடம், "நான் பேசுனத எடுத்துருங்கக்கா. அவ கேண்டீன்ல வந்து பேசுனதுலருந்து ஆரம்பிங்க," என்றான்.

"ஒங்கம்மாகிட்ட நான் ஃபெயில் இல்லன்னு யாரு சொல்றது?" என்றாள் தர்ஷினி.

"நான் சொல்றேன். இன்னைக்கே."

6. விசில் வராத வீடியோ

சனிக்கிழமை திரையில் துரத்தல் இல்லை. கேண்டீன் கதைதான். விசில் வரவில்லை. முன்வரிசையில் ஒருவர், "என்ன லா, சப்புன்னு இருக்கு," என்றது என் காதில் விழுந்தது. மேடையில் தர்ஷினி தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.

கேமராவைக் கழற்றும்போது பிரகாஷின் அம்மா என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "நேத்து எம்மவன் எல்லாம் சொன்னான். அந்தப் புள்ளய எத்தன தடவ கேலி பண்ணிருக்கேன்! மனசே ஆறல," என்றார். மேடையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். நான் ரப்பர் பால் வெட்டுற நிரையிலயே வந்து நிப்பாரு. நானும் ஊரு பூரா சிரிச்சிக்கிட்டேதான் சொல்லிருக்கேன்." பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கு எப்படிம்மா? காதல் கல்யாணமா?" என்றார்.

"ஆமா ஆண்ட்டி. ஒரு வருஷம் என் பின்னாலயே சுத்துனாரு," என்று எப்போதும்போலச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப ஒனக்கு எப்படி இருந்துச்சு?"

பதினாறு வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "பயமாத்தான் ஆண்ட்டி இருந்துச்சு," என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் தங்கச்சிகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பேட்டியில் மணப்பெண்ணிடம் முதலில் 'அப்ப ஒனக்கு எப்படி இருந்துச்சு?' என்ற அந்தக் கேள்வியைக் கேளுங்கள். மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். பதில் முடியும்வரை கேமராவை நிறுத்தாதீர்கள். நான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். என் வீட்டுக்காரரிடம் மட்டும் என் பதிலை இன்னும் சொல்லவில்லை. தினமும் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கிறார், நான் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.