அப்பா பதினொரு முறை சொன்ன வசனம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பழைய மிளகுக் கிடங்கில் படம் எடுக்க வந்தார்கள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. இங்கே வியாபாரம் செய்த தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தியும், கப்பலில் வந்த டச்சுக்காரன் ஒருவனும் காதலிக்கிறார்கள். ஊர் கூடி அவளை ஒதுக்கி வைக்கிறது. தமிழ் பேசுகிற வயதானவர்கள் வேண்டும் என்று எங்கள் தெருவுக்கு ஆள் தேடி வந்தவர்கள், வாசலில் நின்று மீன்காரரை அந்தப் பக்கம் போகச் சொல்லிக்கொண்டிருந்த அப்பாவின் குரலைக் கேட்டதும் முடிவு செய்துவிட்டார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய குரல் அது.

கதாநாயகியின் பெரியப்பா வேஷம். பேச ஒரே ஒரு வசனம். எழுதிக் கொடுத்த காகிதத்தை அப்பா சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்.

"இனி அவள் நம் வீட்டுப் பெண் இல்லை. கதவைச் சாத்துங்கள்."

அம்மா ரசம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள். நானும் தலை நிமிரவில்லை. அப்பா மட்டும் ஒன்றும் தெரியாதவர் போல இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்.

அதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் அக்கா வீட்டை விட்டுப் போனாள். வெலிங்டன் தீவில் கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. பழுது பார்க்க வந்து மூன்று மாசம் நின்றுவிட்ட ஒரு கப்பலில் இன்ஜினியராக இருந்தவர் நார்வேக்காரர். நான் அப்போது காலேஜில் கடைசி வருஷம். சனிக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் மூவரும் வைப்பின் தீவுக்குப் போகும் படகில் ஏறி, அந்தக் கரையில் இறங்காமலே திரும்பி வருவோம். அவருக்குத் தெரிந்த தமிழ் 'போதும்', 'கொஞ்சம்', 'சேச்சி'. அதில் மூன்றாவது தமிழே இல்லை, மலையாளம் என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். காற்றில் அவள் முந்தானை என் முகத்தில் வந்து அடிக்கும். அவ்வளவு அழகாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு இருவரும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அப்பா படியில் நின்றுகொண்டே, "எனக்கு ஒரு பொண்ணுதான். அவ உள்ள படிச்சிண்டிருக்கா," என்றார். உள்ளே இருந்த எனக்கு அது கேட்டது. நான் வெளியே வரவில்லை. அந்த மாசமே அவர்கள் நார்வேக்குப் போய்விட்டார்கள்.

படப்பிடிப்பு அன்று அம்மாவும் வருவதாகச் சொன்னது எனக்கு ஆச்சரியம். கிடங்கு முற்றத்தில் கூட்டத்தோடு நின்றோம். ஜரிகைத் தலைப்பாகையும் கடுக்கனுமாக அப்பா கம்பீரமாக வந்தார். எதிரே கதாநாயகி, இருபது வயதுப் பெண், மண்ணில் மண்டியிட்டிருந்தாள்.

முதல் முறையே அப்பா பிரமாதமாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் கேமராவை இடம் மாற்றி இன்னொன்று, வெளிச்சம் போதாமல் இன்னொன்று, குறுக்கே புறா பறந்ததால் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் நிஜமாகவே அழுதாள். ஏழாவது முறை அப்பா அவளைப் பார்க்காமல் தூணைப் பார்த்துச் சொன்னார். "சார், குட்டியோட முகத்து நோக்கணும்," என்று அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டினார் உதவி இயக்குநர். பதினோராவது முறை குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அதுதான் நன்றாக இருக்கிறது என்று இயக்குநர் எடுத்துக்கொண்டார்.

தலைப்பாகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அப்பா எங்களிடம் வந்தார். சாயா கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஒரு தடவைதான் சொன்னேள். அதையே என்னால தாங்க முடியல்லை," என்றாள்.

அப்பா விடுவிடுவென்று முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் என்னைக் கூப்பிட்டார். "அவளோட நம்பர் உன்கிட்ட இருக்கும். எனக்குத் தெரியும். போடு."

போட்டுக் கொடுத்தேன். அக்கா எடுத்தாள்.

"நான்தான்," என்றார் அப்பா. போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அங்க ரொம்பக் குளிரோ?" என்று கேட்டார். அக்கா அழுகிற சத்தம் எனக்கும் கேட்டது. "ஆமாம்ப்பா," என்றாள். "ஸ்வெட்டர் போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் நீட்டினார்.

படம் வெளியான மாசம் அக்காவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கூட ஒன்பது வயதுப் பேத்தி. அவளுக்குத் தமிழ் நன்றாகப் பேச வந்தது. அக்கா விடாமல் சொல்லிக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளையிடம் அப்பா மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கப்பல் இன்ஜினில் எத்தனை சிலிண்டர் என்று கேட்டார். அவர் காகிதத்தில் படம் போட்டு விளக்க, இரண்டு பேரும் மத்தியானம் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எறணாகுளத்தில் எல்லோருமாகப் படம் பார்த்தோம். அப்பா வந்தது அரை நிமிஷம். பேத்தி சீட்டில் ஏறி நின்று கை தட்டினாள். கடைசியில் டச்சுக்காரன் தனியாகக் கப்பல் ஏறிப் போகிறான், அந்தப் பெண் காயலில் விழுந்து சாகிறாள். அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"எதுக்கு அவளைக் கொன்னான்? கப்பல்ல எடம் இல்லையா? இவா ரெண்டு பேரும் போய் நன்னா இருந்திருப்பாளே!" படகுத்துறை வரை கத்திக்கொண்டே வந்தார். மாப்பிள்ளைக்கு அக்கா மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, "போதும், போதும்," என்றார்.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் படத்தை எப்போதாவது டி.வி.யில் போடுவார்கள். அம்மாவும் நானும் அப்பா வருகிற இடம் வரைக்கும் பார்ப்போம். அப்புறம் அம்மா எழுந்து போய் அக்காவுக்கு போன் போடுவாள்.