சுபத்ரா சொன்ன முடிவு

சுபத்ராவுக்குக் கதைப் பைத்தியம். ஆரணியில் அவள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அவள் நெய்கிற பட்டுச் சேலை எப்படியிருக்கும் என்பதை அப்புறம்தான் சொல்வார்கள். பத்தாவது படிக்கும்போது, பருப்புப் பொட்டலம் மடித்து வந்த பத்திரிகைத் தாளில் பாதிக் கதையைப் படித்துவிட்டு, மீதிப் பாதி எங்கே என்று மளிகைக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவள். பத்தொன்பது வயதில் அருணகிரிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பிடித்திருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. அருணகிரி நல்ல மனுஷன்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மகளைப் பக்கத்துச் சேத்துப்பட்டு ஊரில் கொடுத்த பிறகு வீட்டில் இரண்டு தறி, இரண்டு ஆள். அந்தச் சமயத்தில்தான் கைப்பேசியிலேயே தொடர்கதை வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

தொடரின் பெயர் ‘குடை ஒன்றுதான்’. எழுதுகிறவர் பெயர் ‘நதிக்கரையான்’ என்று போட்டிருந்தது. சொந்தப் பெயரில்லை என்று பார்த்தாலே தெரியும். செவ்வாயும் சனியும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பகுதி வரும். வாசு, சங்கர் என்று இரண்டு பையன்கள், கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போய் வருகிறவர்கள். வாசு தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. சங்கர் ரைஸ்மில்காரர் வீட்டுப் பிள்ளை. ஒருத்தன்மேல் ஒருத்தனுக்கு ஆசை. அது ஆசைதான் என்று அவர்கள் புரிந்துகொள்வதற்கே பதினைந்து பகுதி ஆனது. முதல் நாள் சுபத்ரா, “ஐயய்யே, இது இன்னா கதை!” என்று மூடி வைத்தாள். மூடி வைத்தவள் ஐந்து நிமிஷத்தில் திறந்தாள். பஸ் பஞ்சராகி, கொட்டுகிற மழையில் ஒரே குடைக்குள் நின்று, குடை போதவில்லை என்று மற்றவனுக்காக ஆளுக்கு ஒரு பக்கம் நனைந்தார்களே, அந்த ஒன்பதாம் பகுதியை எத்தனை தடவை படித்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

“சொல்லித் தொலைங்கடா, பாவிங்களா!” என்று தறியில் உட்கார்ந்தபடியே கைப்பேசியைத் திட்டுவாள்.

பக்கத்துத் தறியிலிருந்து அருணகிரி, “யாரமே திட்டிகினு கீற?” என்பார்.

“உங்கள இல்ல. நீங்க நெய்ங்க.”

இந்தக் கதையில் அப்படி என்ன கண்டாள்? அவள் படித்த காதல் கதைகளில் எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். இந்தப் பையன்களுக்குத் தெரியாது. தட்டுத் தடுமாறி, பயந்து, அழுது, தனக்கு என்ன வேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்தார்கள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு வயசே வந்துபோகவில்லை. அதனால் அந்தப் பிள்ளைகள் சந்தோஷப்பட்டால் இவளுக்கு அன்றைக்குச் சோறு இனித்தது. சங்கரின் அண்ணன் சந்தேகப்பட்டு அவனை மில்லுக்குள் வைத்து அடித்த முப்பத்திரண்டாம் பகுதியன்று இவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

முப்பத்தேழாம் பகுதியில்தான் வினை வந்தது.

தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்தால், பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். நாலாயிரம், ஐயாயிரம் இழை. அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். விரல் வழுக்காமல் இருக்க அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குவார்கள். கதையில் வாசு அந்த வேலைக்குப் போகிறான். சாம்பல் பட்டு விரல் வெடித்துப்போகிறது என்று முகப் பவுடரைத் தொட்டுப் பிணைக்கிறான். சங்கர் அந்த விரல்களை எடுத்து முகர்ந்துவிட்டு, “கண்ணைக் கட்டிவிட்டாலும் உன்னைக் கண்டுபிடிச்சிடுவேன்” என்கிறான்.

சுபத்ராவுக்கு உடம்பு புல்லரித்துப்போனது. அட, இது எங்க ஊர் ஆளாச்சே! அவள் தறிக்குப் பாவு பிணைக்க வருகிற கிரண், இருபத்து நாலு வயசுப் பையன், அவன்தான் பவுடர் டப்பாவோடு வருவான். எழுதுகிற புண்ணியவான் எப்போதோ கிரண் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார், பார்த்ததை அழகாகக் கதையில் வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். தொழில் தெரிந்தவர்கள் இதை அல்லவா பாராட்ட வேண்டும்? சந்தோஷம் தாங்காமல், ‘சுபா ரசிகை’ என்ற பெயரில் கதைக்குக் கீழே எழுதினாள்: “ரொம்ப உண்மையாக எழுதியிருக்கிறீர்கள். பவுடர் தொட்டுப் பாவு பிணைக்கிற ஆள் எங்கள் ஆரணியிலேயே ஒருத்தர்தான். எங்கள் தறிக்கும் அவர்தான் வருவார்.”

பத்து நிமிஷத்தில் தனிச்செய்தியாகப் பதில் வந்தது. படம் இல்லாத ஒரு கணக்கு. “அப்படியா அக்கா? நீங்கள் எந்தத் தெரு?”

தெருப் பெயரைச் சொன்னாள். ஒரு கதைப் பிரியன் கேட்கிறான், சொன்னால் என்ன?

“அவர் அடுத்து எப்போது வருவார்?”

“இந்தப் பாவு வியாழனோடு தீரும். வெள்ளிக்கிழமை காலையில் வருவார்.”

அதற்குமேல் அந்தக் கணக்கிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. நன்றிகூட இல்லை. அது கொஞ்சம் உறுத்தியது, ஆனாலும் சுபத்ரா அரிசி களையப் போய்விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயால் கெடப் போவது வேறொருத்தன் என்றால் அதற்கு என்ன பழமொழி சொல்வது?

வெள்ளிக்கிழமை அருணகிரி ஒரு சாவுக்குப் போளூர் போயிருந்தார். கிரண் ஒன்பது மணிக்கு வந்தான். வழக்கமாக வாசலிலேயே “அக்கா, டீ” என்பவன், அன்றைக்கு வந்ததும் வேலையில் உட்கார்ந்தான். பவுடர் டப்பாவைத் திறந்தான். முந்நூறு இழை போல முடிந்திருக்கும்.

“டேய் கிரண், உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? உன்னப் பாத்து எவனோ கதை எழுதிகினு கீறான்டா!” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கிரணின் விரல்கள் நின்றன. “சுபா ரசிகை நீங்களாக்கா?”

“ஆமாண்டா. இன்னாத்துக்கு இப்படி முழிக்கிற?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். “யாரும் என்னப் பாத்து எழுதலக்கா. நான்தான் எழுதறேன். அதுல வர்ற வாசுவும் நான்தான்.”

“அப்போ சங்கரு?”

“குணா.”

குணா என்றால் பாலுவின் தம்பி. பாலு என்றால் பட்டு நூலும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொள்கிற முதலாளி. இந்த வீட்டு இரண்டு தறியும் பாலுவுக்குத்தான் ஓடுகின்றன. கதையில் ரைஸ்மில் என்று மாற்றி எழுதியிருக்கிறான் பையன்.

“போன மாசம் பாலு அண்ணன் குணாவோட போன்ல இந்தக் கதையப் பாத்துடுச்சு. போனப் பிடுங்கிகிச்சு, அவன வூட்டுலயே வச்சிருக்குது. எழுதறவன் யாருன்னு தேடிகினே கீது. கெடச்சா எழுதற விரல ஒண்ணொண்ணா ஒடிப்பேன்னு சொல்லிச்சாம். எனக்கு விரல் போச்சுன்னா பொழப்பே போச்சுக்கா.”

தெருவும் கிழமையும் கேட்டது யாரென்று சுபத்ராவுக்கு அப்போதுதான் விளங்கியது. “ஐயோ, கிரண்! இன்னிக்கு நீ வருவேன்னு நானே சொல்லிட்டேனேடா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். சொல்லி வாயை மூடவில்லை, தெருமுனையில் புல்லட் சத்தம் கேட்டது. வீடு வீடாக நின்று நின்று வந்தது.

“ஜல்தியா போ. கொல்லப் பக்கமா போ. ஊர்ல நிக்காத” என்று அவனைத் தள்ளினாள். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். அந்தச் செருப்பைத் தூக்கித் தறிக்குழிக்குள் போட்டுவிட்டு, அவன் இடத்தில் உட்கார்ந்து விரலால் பவுடரைத் தொட்டாள். தெரியாத வேலையில்லை, அவள் செய்தால் ஒரு நாளுக்குப் பதில் மூன்று நாள் ஆகும், அவ்வளவுதான்.

பாலு உள்ளே வந்தான். முப்பது வயசு, வெள்ளைச் சட்டை. சிரித்த முகமாகத்தான் வந்தான். அதைப் பார்த்ததும் அவள் குனிந்து அடுத்த இழையை எடுத்தாள்.

“இன்னாக்கா, நீங்களே பிணைக்கிறீங்க? ஆள் வரலயா?”

“ஆளுக்கு எங்க தம்பி போறது? நானேதான் பிணைச்சிக்கிறேன்.”

அவன் பவுடர் டப்பாவை எடுத்து முகர்ந்தான். கீழே வைக்கவில்லை. “ஒரு கதை வருது. தெரியுமா?”

தெரியாது என்றால் அடுத்த வீட்டுக்குப் போவான், கொல்லைப் பக்கம் போவான், செருப்பில்லாமல் ஓடுகிற ஒருத்தனைப் பார்ப்பான். சுபத்ரா இழையைக் கீழே விட்டாள்.

“தெரியாம இன்னா? அத எழுதறதே நான்தான்.”

பாலு அவளையே பார்த்தான். “நீங்களா?”

“எனக்குக் கதைன்னா உசுருன்னு ஊருக்கே தெரியும். எவ்ளோ நாளைக்குத்தான் படிச்சிகினே இருக்கறது? எழுதிப் பாத்தேன். பொம்பள எழுதறான்னு தெரியக்கூடாதுன்னு வேற பேரு. பாராட்டி நானே எழுதிக்குவேன். உங்க வூட்ட நெனைச்சு எழுதல தம்பி, சத்தியமா.” பொய்ச் சத்தியம் செய்த நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவன் நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். “சரி. அடுத்தது இன்னா ஆவும்? சொல்லுங்க.”

முப்பத்தேழு பகுதியும் அவளுக்கு மனப்பாடம். வாசுவும் சங்கரும் ஒன்றாக ஒரு ஊருக்குப் போய், ஒரு வாடகை வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சமைக்க வேண்டும் என்று பல நாள் ஆசைப்பட்டவள் அவள். அதைச் சொல்லவா முடியும்? இவன் காதுக்கு எது இனிக்குமோ அதைச் சொன்னாள். “அவ்ளோதான் தம்பி, பிரிஞ்சிடுவாங்க. வாசுதான் மொதல்ல சொல்லுவான். இதெல்லாம் ஒரு வயசுக் கோளாறு, நீ வூட்டுல சொல்ற பொண்ணக் கட்டிக்கன்னு சொல்லிட்டு, ஊர வுட்டே போயிடுவான். சங்கருக்குச் சேத்துப்பட்டுல ஒரு பொண்ணப் பாத்து முடிச்சிடுவாங்க.” சேத்துப்பட்டு ஏன் வந்தது? மகள் இருக்கிற ஊர், வாயில் வந்துவிட்டது.

பாலு நன்றாகக் கேட்டுக்கொண்டான். “நல்லாருக்குது. அப்படியே முடிச்சிடுங்க. நாளைக்குச் சனிக்கிழமதானே? நாளைக்கே வரணும். வரலன்னா நான் வருவேன்” என்று சொல்லி, பவுடர் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

மத்தியானம் வேலூர் பஸ் நிலையத்திலிருந்து கிரண் போனில் பேசினான். சுபத்ரா அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். எழுத வேண்டாம், வந்தால் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கிரண் கேட்கவில்லை. “எனக்காக நீங்க அடி வாங்கக் கூடாதுக்கா. நீங்க சொன்னத அப்படியே போட்டுடறேன். கதைதானே?” என்றான். சனிக்கிழமை ஆறு மணிக்கு முப்பத்தெட்டாம் பகுதி வந்தது. ‘முற்றும்’ என்று போட்டிருந்தது. வாசகர்கள் எழுத்தாளனைக் கோழை என்றும் துரோகி என்றும் கிழித்தார்கள். சுபத்ரா பாதிக்குமேல் படிக்கவில்லை. கிரண் ஆந்திரப் பக்கம் தர்மவரம் போய் அங்கே பாவு பிணைக்கிற வேலையில் சேர்ந்துகொண்டான்.

மூன்று வாரம் கழித்துப் பாலு வெற்றிலைத் தட்டில் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். கூடவே குணாவும் வந்திருந்தான். அருணகிரி முதலாளியைப் பார்த்ததும் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“தம்பிக்குக் கல்யாணம். பொண்ணு சேத்துப்பட்டு” என்றான் பாலு. சுபத்ராவைப் பார்த்துச் சிரித்தான். “சேத்துப்பட்டுல நல்ல எடம் இருக்கும்னு நமக்குத் தோணவே இல்லக்கா. நீங்க சொன்ன அப்புறம்தான் அந்தப் பக்கம் தேடுனோம்.”

அருணகிரிக்கு ஒன்றும் புரியவில்லை, பெருமையாகத் தலையாட்டினார். பாலு வாசலுக்குப் போய் வண்டியைக் கிளப்பினான். குணா நகரவில்லை. கழுத்தெலும்பு தெரிய இளைத்துப்போயிருந்தான்.

“அக்கா, அந்தக் கடைசிப் பகுதி... அண்ணன்தான் போனக் குடுத்துப் படிக்கச் சொல்லிச்சு. நீங்க எழுதுனதுன்னு சொல்லிச்சு. கத அவன் எழுதறதுன்னு எனக்குத் தெரியும்க்கா. அவனே என்னப் போன்னு சொல்லிட்டானேன்னுதான் நான் கல்யாணத்துக்குச் சரின்னேன்.” அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். “அவனா எழுதனான்? அத மட்டும் சொல்லுங்க.”

கையிலிருந்த பத்திரிகையில் அந்தச் சேத்துப்பட்டுப் பெண்ணின் பெயர் எழிலரசி என்று இருந்தது. யார் பெற்ற பிள்ளையோ. வாசலில் பாலு ஹாரன் அடித்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிரணின் விரல்களுக்கு ஒன்றும் ஆகாது. இந்தப் பிள்ளை இப்படியே போய் மணையில் உட்காருவான். சுபத்ராவால் முடியவில்லை.

“அவன் எழுதல” என்றாள். காதோடு காதாகத்தான் சொல்ல நினைத்தாள். முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்துக்கும் பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தத்துக்கும் மேலே பேசிப் பேசி வளர்ந்த தொண்டை அது, தாழவில்லை. “ஒரு எழுத்துகூட அவன் மனசுலேந்து வரலடா குணா. நான் சொல்லி அவன் போட்டது. தர்மவரத்துல உன் நெனைப்பாவேதான் கீறான்.”

குணா அழத் தொடங்கினான். வாசலில் வண்டிச் சத்தம் நின்றது. பாலு சாவியை உருவிக்கொண்டு உள்ளே வந்தான்.