கதவுக்கு அடியில் எட்டு ஓட்டை

தங்கச் சுரங்கத்தில் எனக்கு மரம் கட்டும் வேலை. பாறை இறங்காமல் முட்டுக் கொடுக்க வேண்டும். தண்ணீர் கசிகிற இடத்தையும் நான்தான் அடைப்பேன். சாக்கு நாரைத் தாரில் முக்கி, ஓட்டையில் திணித்து, ஆப்பு அடித்தால் நிற்கும். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சுரங்கம் கொடுத்த வரிசை வீடுகளான எங்கள் லைனில் ஒரு சுரங்க டிரைவர் இருந்தார். எனக்குப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சுரங்கத்தை சர்க்கார் எடுத்துக்கொண்டபோது, ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்கார தொரை தன் பழைய வேனை அவரிடம் விட்டுவிட்டுப் போனார். உள்ளே மடக்குக் கட்டில், சின்ன அலமாரி, ஸ்டவ் வைக்க ஒரு பலகை. தொரை அதிலேயே படுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவாராம். லைனில் அதற்கு வூட்டு வண்டி என்று பேர். பல வருஷம் சும்மா நின்றது.

அண்ணன் ரிட்டயர் ஆகும் வருஷம் வந்தது. ரிட்டயர் ஆனால் லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். ஒரே மகளை ஆம்பூர் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். அங்கே போகலாம். ஆனால் மருமகன் ஒரு தடவை நாலு பேர் முன்னால், "உங்களுக்கு இன்னா மாமா, சொந்தமா ஒரு சுவர் கீதா?" என்று கேட்டுவிட்டான். அதற்கப்புறம் அண்ணன் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை.

"வண்டியிலயே இருந்துக்கறேன்டா. சுவரும் கீது, சக்கரமும் கீது. மருமவன் வூட்டுக்கு சக்கரம் கீதா?" என்றார்.

அண்ணி உள்ளேயிருந்து, "ஆமா, பெரிய மாளிகை. நான் கொழம்பு வெச்சா நீங்க ரோட்ல நிக்கணும்," என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வண்டியின் கதவு, ஜன்னல் எல்லாவற்றிலும் தண்ணீர் புகாமல் ஓரம் அடைக்கும் ரப்பர் பீடிங் செத்திருந்தது. தொட்டால் கருவாடு மாதிரி ஒடிந்தது. மழை வந்தால் தண்ணீர் உள்ளே வரும். காற்றடித்தால், தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மேட்டு வெள்ளைத் தூள் உள்ளே வரும். அண்ணனுக்கு முதுகு குனியாது. என்னைக் கூப்பிட்டார்.

"பாதாளத்துல தண்ணிய நிறுத்தறவன். இது இன்னா உனக்கு?"

பெங்களூரிலிருந்து புது பீடிங் வாங்கி வந்தார். இரண்டு ஞாயிறு வேலை. பழையதைக் கத்தியால் சுரண்டி எடுத்து, காய்ந்த பசையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். கண்ணாடிக்குப் போடுவதுதான் கஷ்டம். பீடிங் பள்ளத்தில் சணல் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளேயிருந்து ஒருவர் கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வர வர ரப்பர் தகரத்தின் மேல் ஏறி உட்காரும். அண்ணி அழுத்தினாள். நான் இழுத்தேன். கதவுக்கு சொல்யூஷன் பசை தடவி ஒட்டினேன்.

இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். நான் கீழே படுத்து ஒரு தடவை பார்த்தேன். கதவுகளின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டை. மூன்று கதவிலும் சேர்த்து எட்டு. துரு தின்றது என்று நினைத்தேன். எட்டும் ஒரே அளவு. துரு அப்படி வட்டமாகத் தின்னாது. அப்போது தோன்றவில்லை. தாரும் சாக்கு நாரும் கொண்டுவந்து எட்டையும் அடைத்தேன். நன்றாகவே அடைத்தேன். அண்ணன் வந்தபோது சொல்லவில்லை. இதில் சொல்ல இன்னா இருக்கு என்று விட்டுவிட்டேன்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

புரட்டாசியில் வண்டியை பாலகாட் சுரங்கத்துப் பக்கம் ஒரு காலி இடத்தில் நிறுத்திக் குடி போனார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. நான் போகும்போதெல்லாம் ஜன்னல் ஓரம் தடவிப் பார்ப்பேன். காய்ந்துதான் இருந்தது. ஏதோ ஊறின நாத்தம் என்றாள் அண்ணி. அண்ணன், "உன் கொழம்புதான்," என்றார்.

எனக்குப் பிறகுதான் தெரிந்தது: எவ்வளவு நல்ல பீடிங் போட்டாலும் கண்ணாடி ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். அது வெளியே போகத்தான் அந்த ஓட்டைகள். வழி இல்லாத தண்ணீர் கதவுக்குள் நிறைந்து, உள்பக்கம் வழிந்து, தரை விரிப்புக்கு அடியில் பலகையில் இறங்கியிருக்கிறது.

கார்த்திகையில் ஒரு காலை அண்ணி சோறு வடிக்க எழுந்தபோது தரைப் பலகை உடைந்து கால் உள்ளே போனது. கணுக்கால் முறிந்தது.

ஷிப்டு முடிந்து நான் போனபோது அண்ணன் கடப்பாரையால் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பலகை ஊறின ரொட்டி மாதிரி வந்தது. அடியில் ஏற்கெனவே துரு ஏறியிருந்த இரும்புச் சட்டமும் உதிர்ந்தது. பிறகு குனியாத முதுகோடு மண்ணில் படுத்துக் கதவின் அடியைப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரால் நோண்டினார். செந்தண்ணீர் அவர் கை மேல் கொட்டியது. அது நிற்க நேரமானது.

"எந்த முட்டாப்பய அடைச்சான்டா இத? உள்ள வந்த தண்ணி வெளிய போக வேணாமா?"

நான் பெயர்த்த பலகைகளை எடுத்து ஓரமாகப் போட்டேன்.

"தொரைகிட்ட ஒரு கிளீனர் இருந்தான். அவன் வேலையாத்தான் இருக்கும். இல்ல?"

"ஆமாண்ணா," என்றேன்.

எட்டையும் நோண்டி முடிக்கும்வரை அந்தக் கிளீனரைத் திட்டினார். அவன் செத்து வெகு காலம் ஆகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து மருமகன் வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். "வாங்க மாமா, போலாம்." அண்ணன் டிரங்குப் பெட்டியைத் தூக்கினார். நான் வழியனுப்பப் போனேன். ஸ்டேஷனில் ரயில் தாமதம். சொல்ல நேரம் இருந்தது. "பீடி கீதாண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த வருஷம் அண்ணன் தவறிய சேதி வந்தது. லீவு போட்டுவிட்டு ஆம்பூர் போனேன். அண்ணி காலை இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் கடைசிவரை அந்த வீட்டில் தரையில்தான் உட்கார்ந்தாராம், நாற்காலியில் உட்காரவில்லையாம். பிறகு மருமகனிடம் என்னைக் காட்டினாள்.

"இவருதான் ரெண்டு ஞாயித்துக்கெழமை நம்ப வண்டிக்கு வேலை செஞ்சவரு. கூடப் பொறந்தவன் செய்ய மாட்டான் அப்படி."

மருமகன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். உட்கார்ந்தேன். காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.