நூல் கொடுக்கிறார்கள் என்று வந்தவர்கள்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு கோடை முழுக்க எங்கள் ஊர் வாசகசாலையின் சாவி என்னிடம் இருந்தது. எனக்கு அப்போது இருபத்தி நாலு வயது. உள்ளூர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. லீவு விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை என்பது வாசகசாலைச் செயலாளருக்குத் தெரியும். தாலுக்கா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "ரெண்டு மாசம் நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிச் சாவியைக் கையில் வைத்துவிட்டார்.

ஒரே ஒரு ஓட்டு அறை. நடுவில் நீள மேஜை, இரண்டு பெஞ்சு, சுவரோரம் இரண்டு பீரோ. பத்திரிகை ரயிலில் பொம்மிடி வரைக்கும் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வரும். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய காலம். ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டால் அன்றைக்குப் பத்திரிகை கிடையாது. மறுநாள் இரண்டும் சேர்ந்து வரும். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் உரக்கப் படிப்பேன், இருபது முப்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு பத்திரிகையில் ஏதோ ஒரு ஊரைப் பிடித்துவிட்டார்கள் என்று இருக்கும். இன்னொன்றில் அந்த ஊருக்கு வெளியேதான் சண்டை நடக்கிறது என்று இருக்கும். "சார், அந்த ஊரு இப்ப யாரு கையில இருக்குதுங்க?" என்று கேட்பார்கள். எது முந்தின நாள் பத்திரிகை, எது பிந்தினது என்று நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "நாளைக்குச் சொல்றேனுங்க" என்பேன். நாளைக்கு வேறு ஊர் வந்துவிடும்.

அந்த வருஷம் செயலாளருக்கு நல்ல தமிழ் மேல் பிரியம் வந்திருந்தது. வாசகசாலை என்ற பழைய பலகையைக் கழற்றிவிட்டு 'நூல் நிலையம்' என்று புதுப் பலகை எழுதி மாட்டினார். கடிதம் எழுதுகிற தாளிலும் மேலே அதையே தமிழிலும் இங்கிலீஷ் எழுத்திலும் அச்சடித்து வாங்கிவந்தார். பிறகு கோடை கால அறிவிப்பு ஒன்று தயார் செய்தார். கோடையில் காலையிலும் நிலையம் திறந்திருக்கும், மாலையில் செய்தி வாசிக்கப்படும், அட்டை உள்ளவர்களுக்கு நூல்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தரப்படும். இவ்வளவுதான். அதை நான்தான் அழகாகப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன்.

"ஒட்டுனா போதாது. படிக்கத் தெரிஞ்சவங்கதான் படிப்பாங்க. சுத்துப்பட்டுல தண்டோராவும் போடச் சொல்லிடுங்க" என்றார் செயலாளர்.

தண்டோராக்காரரை நான் பஸ் நிற்கிற இடத்தில் பார்த்துச் சொன்னேன். பத்திரிகைக் கட்டை வாங்குகிற அவசரத்தில் எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவர் ஊர் ஊராகச் சொன்னது என்ன என்பது பின்னால்தான் காதுக்கு வந்தது. "இதனால் சகலருக்கும் தெரிவிக்கறது என்னன்னா, நூல் நிலையத்துல வர்ற திங்கக்கெழமையிலிருந்து நூல் குடுக்கறாங்க. அட்டை கொண்டாரவங்க வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகலாம்!"

இப்போது யோசித்தால் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

திங்கட்கிழமை காலையில் சாவியை எடுத்துக்கொண்டு போகிறேன், வாசலில் நாற்பது ஐம்பது பேர். பாதிப் பேர் பெண்கள். பலருக்குக் கையில் கூடை, சிலரிடம் மடித்த சாக்கு. முதலில் எனக்குப் பயமாக இருந்தது. சண்டையில் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது, செய்தி கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்ததும் எல்லோரும் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். அப்போது எனக்குச் சந்தோஷம் பொங்கியது. புத்தகம் வாங்க இத்தனை பேரா! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பதிவுப் புத்தகத்தை விரித்தேன்.

வரிசையில் முதலில் நின்றது நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள். புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது. இடுப்புத் துணியில் முடிந்திருந்த ரேஷன் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்த அட்டை இல்லீங்கம்மா. இங்க வேற அட்டை. பரவாயில்லை, நான் எழுதித் தரேன். உங்களுக்கு எது வேணும்?" என்றேன்.

"நாப்பதாம் நம்பர் இருந்தா குடுங்க சார். இல்லாட்டி இருவது இருந்தாலும் சரிதானுங்க."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் புத்தகங்களுக்கெல்லாம் நம்பர் உண்டு. ஆனால் நம்பர் சொல்லிக் கேட்டவர் அதுவரை ஒருவரும் கிடையாது. பீரோவைத் திறந்து தேடி நாற்பதாம் நம்பரை எடுத்துவந்தேன். மாட்டு வைத்தியம் பற்றிய புத்தகம். அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இதென்னங்க?"

"நாப்பதாம் நம்பர்."

"நூல் எங்கீங்க?"

"இதுதாங்கம்மா நூல்."

பின்னால் நின்றவர்களிடம் திரும்பி அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் நெசவுக் குடும்பங்கள். வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள். அந்தப் பாஷையில் நூல் என்றால் தறியில் ஓடுகிற இழை மட்டும்தான். நூலுக்குப் புத்தகம் என்று ஒரு அர்த்தம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. நாற்பது, இருபது என்று கேட்டதெல்லாம் இழை எவ்வளவு சன்னம் என்று சொல்கிற நம்பர். அந்தச் சமயம் நூலுக்குக் கடுமையான கட்டுப்பாடு. இரண்டு மாதமாகத் தறிகள் சும்மா கிடந்தன என்று அப்புறம் சொன்னார்கள். எனக்கு விஷயம் புரிந்த நிமிஷத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வரிசை கலைந்தது. "உள் பீரோவுல வச்சிருக்காங்கப்பா, வேண்டியவங்களுக்குக் குடுப்பாங்க" என்று ஒரு ஆள் சத்தம் போட்டார். நான் இரண்டு பீரோவையும் அகலமாகத் திறந்து காட்டினேன். எல்லாம் புத்தகம். மேல்தட்டில் கொஞ்சம் பழைய பத்திரிகை. சிலர் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விடியறதுக்கு முந்தி கெளம்புனமுங்க" என்றார்.

இரைச்சல் கேட்டுச் செயலாளர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் நேராகக் கதவுக்குப் போய் அறிவிப்பை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். "சரியாத்தானே எழுதியிருக்கோம்?" என்று என்னைக் கேட்டார். நானும் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"சரியோ தப்போ, அது எங்களுக்கு எதுக்குங்க?" என்றார் அந்த அம்மாள். "உங்ககிட்ட இல்லேங்கறீங்க. இருக்கறவங்களுக்கு எழுதியாவது குடுங்க. நீங்கதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களாச்சே."

அன்று மத்தியானம் முழுக்க அதுதான் நடந்தது. சேலத்தில் நூல் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்ட ஆபீசுக்கு மனு. செயலாளர் தன் ஆபீஸ் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். வேறு தாள் இல்லாததால் புதிதாக அச்சடித்த தாளிலேயே எழுதினோம். கீழே எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு விவசாயி மேஜைமேல் கிடந்த நாற்பதாம் நம்பரைப் புரட்டிவிட்டு, "எங்க கெடாரி ஒண்ணு நாலு நாளா கழியுது சார், இத நான் கொண்டுபோறேன்" என்று வாங்கிப் போனார். அந்தக் கோடையில் எழுதிக்கொடுத்த முதல் புத்தகம் அது.

மூன்று வாரம் கழித்து ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு ரயில் ரசீது, ஒரு கடிதம். உங்கள் உறுப்பினர்களுக்கு வழங்குவதற்காக ஒரு பேல் நூல் பொம்மிடிக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று கடிதம் சொன்னது. முகவரியில் 'நூல் நிலையம்' என்று இருந்தது. செயலாளர் மூன்று தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காம் தடவையும் படித்தார்.

"நம்மள நூல் டெப்போன்னு நெனச்சுட்டாங்களா?"

"மனுவுல தெளிவாத்தானே எழுதினோம்?"

"எழுதினோம். ஆனா உறுப்பினர்கள்னு போட்டிருக்காங்களே. நம்ம உறுப்பினர்னா யாரு? டாக்டர், போஸ்ட் மாஸ்டர், மளிகைக்கடைக்காரர். அவங்களுக்கா நூல் குடுக்கறது?"

திருப்பி அனுப்பலாமா என்றார். திருப்பினால் ஏன் மனுப் போட்டீர்கள் என்று கேட்பார்கள். வாங்கினால் எந்த உரிமையில் வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். முப்பது வருஷம் ஆபீசில் இருந்தவருக்கே எது சரி என்று தெரியவில்லை. எனக்கு எங்கே தெரியும்? கடைசியில், எடுத்துவந்து வைத்துவிட்டு யோசிக்கலாம் என்று என்னை ஒரு வண்டியோடு பொம்மிடிக்கு அனுப்பினார்.

பார்சல் குமாஸ்தா ரசீதைப் பார்த்தார். "நூல் நிலையம் நீங்கதானா?"

"நாங்கதான்."

"நூல் வந்திருக்குது. கையெழுத்துப் போட்டு எடுத்துக்குங்க."

போட்டேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் ஊர் வந்து சேருகிற வரைக்கும் யாரோ பின்னால் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியும் மறுநாள் காலையில் அந்த அம்மாளும் மற்றவர்களும் வாசலில் நின்றார்கள். உறுப்பினர் சிக்கலுக்கு அதற்குள் செயலாளர் வழி கண்டுபிடித்திருந்தார். வந்த குடும்பங்களையெல்லாம் நூல் நிலையத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார். நான் அட்டை எழுதி எழுதிக் கொடுத்தேன். அட்டையைக் காட்டியவர்களுக்குப் பேலைப் பிரித்துப் பங்கிட்டோம். கட்டுப்பாட்டு விலையை அவரே வசூலித்துச் சேலத்துக்கு அனுப்பினார்.

அந்த அம்மாள் ஒரு இழையை இழுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். "இருவதாம் நம்பர். துண்டு, போர்வைதான் போடலாம். சரி, குடுங்க" என்றார். மூன்று நாள் வரைக்கும் அறை முழுக்கப் பஞ்சு வாடை. செய்தி கேட்க வந்தவர்கள் பிரித்துப் போட்ட சாக்கின்மேல் உட்கார்ந்து கேட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது சேலத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். செயலாளர் எழுந்து நின்றார். அதிகாரி பீரோக்களைப் பார்த்தார், பத்திரிகைகளைப் பார்த்தார், உறுப்பினர் பட்டியலில் இருந்த கைநாட்டுகளைப் பார்த்தார்.

"தறிக்காரங்களுக்குப் போய்ச் சேந்துதா?" என்று கேட்டார்.

"சேந்துதுங்க."

ஏதோ எழுதிக்கொண்டார். மோர் குடித்தார். போய்விட்டார். இரண்டாவது பேல் வரவில்லை. கேள்வி கேட்டுக் கடிதமும் வரவில்லை. பெயரைப் பார்த்து ஏமாந்து அனுப்பினார்களா, மனுவைப் படித்துவிட்டு இப்படி ஒரு பெயர் வசதியாகக் கிடைத்ததே என்று தெரிந்தே அனுப்பினார்களா? செயலாளர் முதலாவது என்பார். நான் இரண்டாவது என்பேன். மறுநாள் இருவரும் மாற்றிச் சொல்வோம்.

ஆடி மாசத்தில் பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தையில் அந்த அம்மாளைப் பார்த்தேன். நூல் இரண்டு வாரத்துக்கு வந்தது, போர்வையெல்லாம் விற்றுவிட்டது, மறுபடி தறி சும்மாதான் இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சேலத்துல உங்களுக்கு யாரு சார் இருக்காங்க?"

"யாரும் இல்லீங்களே."

"சும்மா சொல்லாதீங்க. யாரும் இல்லாம ஒரு பேலு வருமா? இன்னொருக்கா சொல்லிப் பாருங்க."

எனக்கு உண்மையிலேயே அங்கே யாரும் இல்லை. எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் நம்பவில்லை. "பாக்கறேங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.